வாசலுக்கு க்ரேப் மிர்ட்டிலா, பூமருதா? கடலூர், புதுச்சேரி மண்ணை வைத்து ஒரு ஒப்பீடு

சித்திரை மாதம் தங்கை போன் செய்தாள். திருப்பாதிரிப்புலியூரில், கெடிலம் ஆற்றுக்குப் பக்கத்தில் அவர்கள் கட்டும் வீடு பூச்சு வேலைக்கு வந்திருக்கிறது. "அக்கா, வாசலுக்கும் மதிலுக்கும் நடுவுல பன்னிரண்டு அடி விட்டிருக்கோம். உன் வீட்டுல கொத்துக் கொத்தா பூக்குதே, அதே மரம் எனக்கும் வேணும்" என்றாள்.

என் வீடு புதுச்சேரி லாஸ்பேட்டையில். அவள் கேட்டது க்ரேப் மிர்ட்டில். சரி, ஒரு கன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். மனம் வரவில்லை. என்னுடையது செம்மண் மேடு, அவளுடையது ஆற்றங்கரைத் தாழ்வு. என் வீட்டில் செழித்த மரம் அங்கே மூன்றாம் வருடம் பட்டுப்போனால், அவள் மரத்தையே வெறுத்துவிடுவாள். அதனால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி அனுப்பினேன். அதையே கொஞ்சம் விரித்து, இந்தப் பக்கத்தில் வீடு கட்டி வாசலுக்குப் பூமரம் தேடும் எல்லோருக்குமாக இங்கே தருகிறேன்.

முதலில் பெயர். நர்சரியில் "லாகர்ஸ்ட்ரோமியா" என்று கேட்டால் இரண்டு வேறு மரங்களில் ஏதோ ஒன்று கைக்கு வரும். ஒன்று லாகர்ஸ்ட்ரோமியா இண்டிகா. க்ரேப் மிர்ட்டில் என்பது இதுதான். பத்திலிருந்து இருபதடி உயரத்துக்குள் நிற்கும் சிறு மரம். வெட்டி வளர்த்தால் புதராகவும் இருக்கும். இன்னொன்று லாகர்ஸ்ட்ரோமியா ஸ்பீசியோசா, நம் பூமருது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆற்றோரங்களில் தானாக வளரும் பெரிய மரம். இடம் கிடைத்தால் ஐம்பது, அறுபது அடி போகும். மகாராஷ்டிரத்தின் மாநிலப் பூ இதுதான்.

இரண்டுக்கும் பொதுப்பெயர் வந்த கதை சுருக்கமானது. ஸ்வீடன் நாட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்த மாக்னஸ் வான் லாகர்ஸ்ட்ரோம் என்ற வணிகர், தாவரவியலாளர் லின்னேயஸுக்குக் கீழை நாட்டுச் செடிகளைத் திரட்டிக் கொடுத்தார். அவர் நினைவாக 1759இல் லின்னேயஸ் இந்தப் பெயரை வைத்தார். "இண்டிகா" என்று இருந்தாலும், க்ரேப் மிர்ட்டிலை நூற்றாண்டுகளாகக் கொண்டாடி வளர்த்தவர்கள் சீனரும் ஜப்பானியரும். நூறு நாள் சிவப்பு என்ற பொருளில் சீனத்தில் ஒரு பெயர் உண்டு; அவ்வளவு நாள் பூக்கும். ஜப்பானில் "சாருசுபெரி", குரங்கு வழுக்கும் மரம் என்கிறார்கள். பட்டை உரிந்து உரிந்து அவ்வளவு வழவழப்பாகிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் இந்திய லைலாக் என்ற பொருளில் அழைக்கிறார்கள்.

நான் முதல் தடவை ஏமாந்தது இந்தப் பெயர் விஷயத்தில்தான். எட்டு வருடம் முன்பு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நர்சரியில் "குட்டை ரகம், பத்தடிக்கு மேல் போகாது" என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஜன்னலிலிருந்து நான்கடி தள்ளி வைத்தேன். இரண்டே வருடத்தில் மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டியது. அது பூமருது. நன்றாக வேர்விட்டிருந்த அந்த மரத்தை வெட்டச் சொன்ன நாள் இன்றும் மனதில் கனக்கிறது. வாங்கும்போது இலையைப் பார்த்திருந்தாலே போதும். க்ரேப் மிர்ட்டிலின் இலை சிறியது, இரண்டு மூன்று அங்குலத்துக்குள் இருக்கும், காம்பு கிட்டத்தட்ட இல்லாமல் கிளையோடு ஒட்டியிருக்கும். இளம் குச்சியை விரல்களில் உருட்டினால் நான்கு விளிம்பு தட்டுப்படும். பூமருதின் இலை கன்றிலேயே உள்ளங்கை நீளம் இருக்கும், கொய்யா இலையைப் போலத் தடித்து, தெளிவான காம்போடு இருக்கும். கன்றில் பூ இல்லாவிட்டாலும் இலை காட்டிக் கொடுத்துவிடும்.

பூவைப் பொறுத்தவரை எதையும் குறைவாகச் சொல்ல மாட்டேன். பூமருதின் பூ பெரியது, இரண்டரை மூன்று அங்குலம் அகலம். ஒரு முழம் நீளக் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். ஊதா நிறம் நாள் போகப் போக வெளிறிக்கொண்டே வரும், அதனால் ஒரே கொத்தில் மூன்று நான்கு சாயல் தெரியும். ஆனால் அதன் பருவம் சித்திரையும் வைகாசியும்தான். சில வருடம் ஆவணியில் இன்னொரு தடவை கொஞ்சமாகப் பூக்கும். க்ரேப் மிர்ட்டிலின் பூ ஒன்றரை அங்குலம்தான். ஆறு இதழும் க்ரேப் காகிதத்தைக் கசக்கிவிட்டது போலச் சுருங்கியிருக்கும், ஒவ்வொரு இதழும் மெல்லிய காம்பில் தனியாகத் தொங்கும். வெள்ளை, இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு, ஊதா என்று நிறம் தேர்ந்தெடுக்கலாம். என் மரம் பங்குனிக் கடைசியில் தொடங்கினால் புரட்டாசி வரை விட்டுவிட்டுப் பூக்கிறது. இரண்டிலுமே மணம் எதிர்பார்க்கக் கூடாது. மணம்தான் வேண்டும் என்றால் பவளமல்லி வையுங்கள்.

தண்ணீர் நிற்கும் இடமா?

முடிவை மாற்றும் கேள்வி இதுதான். நிறம், உயரம் எல்லாம் இதற்குப் பிறகு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. ஒரே நாளில் இங்கே 48 செ.மீ. மழை கொட்டியது. லாஸ்பேட்டை மேட்டில் என் வாசலில் மறுநாள் மதியத்துக்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. ரெயின்போ நகரில் இருக்கும் ஒரு தோழியின் வீட்டில் ஐந்து நாள் நின்றது. அவர் வைத்திருந்த க்ரேப் மிர்ட்டிலும் என்னுடையதும் ஒரே மரத்தின் குச்சிகள், ஒரே வாரத்தில் நட்டவை. என்னுடையது இலைகூடப் பழுக்கவில்லை. அவருடையது மார்கழியில் முழுக்க மஞ்சளாகி, தை பிறப்பதற்குள் காய்ந்தது. தோண்டிப் பார்த்தபோது வேர் கருத்து, தொட்டால் தோல் உரிந்து வந்தது. அந்த நாட்களிலேயே சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து தென்பெண்ணை பெருகி, கடலூர்ப் பக்கம் தாழ்ந்த பகுதிகள் மூழ்கியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

க்ரேப் மிர்ட்டில் வறட்சியைத் தாங்கும். வேர் பிடித்துவிட்டால் கத்திரி வெயிலிலும் வாரம் ஒருமுறை தண்ணீர் போதும். அதற்கு ஆகாதது தேங்கும் தண்ணீர். வேருக்குக் காற்று போகாவிட்டால் அழுகிவிடும். பூமருது இதற்கு நேர் எதிர். ஆற்றங்கரையிலும் சதுப்பிலும் வளர்ந்து பழகிய மரம், சில நாள் தண்ணீரில் நின்றால் அதற்கு ஒன்றும் ஆகாது. இதன் மரக்கட்டையும் தண்ணீரைத் தாங்கும் என்பதால் படகு கட்டப் பயன்பட்டிருக்கிறது.

உங்கள் இடம் எது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. கன்று வைக்கப்போகும் இடத்தில் ஒன்றரை அடி ஆழக் குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி முழுக்க வடிய விடுங்கள். மறுபடி சாயங்காலம் நிரப்புங்கள். காலையில் குழி காலியாக இருந்தால் எதையும் வைக்கலாம். அடியில் தண்ணீர் நின்றால், சமதரையில் க்ரேப் மிர்ட்டில் வேண்டாம். லாஸ்பேட்டை, கோரிமேடு, காலாப்பட்டு, ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணும் கடலூரின் கேப்பர் மலையும் சட்டென்று வடிக்கும். பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து வயல் மண்ணில் கட்டிய மனைகளும், கெடிலம், தென்பெண்ணை ஓரத்து மனைகளும் அப்படி இல்லை.

தாழ்ந்த இடத்திலும் இந்த மரம்தான் வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. நான்கடிக்கு நான்கடி, ஒன்றரை அடி உயரத்தில் செங்கல் கட்டி, அடியில் வடிகாலுக்குத் துளை விட்டு, செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பி அதில் வைக்கலாம். சிறு மரம் என்பதால் இது நடக்கும். பூமருதை இப்படி மேடையில் வைக்கக் கூடாது, வேர் சுவரைத் தள்ளிவிடும்.

நடும் காலமும் இதை வைத்தே மாறும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். வடியும் செம்மண்ணுக்கு அது சரி. ஆடி, ஆவணியில் வைத்தால் ஐப்பசி மழைக்குள் வேர் ஓடிவிடும். தாழ்ந்த இடத்தில் அப்படி வைத்தால், இன்னும் வேர் பிடிக்காத கன்று நேராகப் போய் வடகிழக்குப் பருவமழைத் தண்ணீரில் மாட்டிக்கொள்ளும். அங்கே தை மாதம்தான் நல்லது. மண்ணில் ஈரம் இருக்கும், மழை ஓய்ந்திருக்கும், அடுத்த மழைக்கு ஒன்பது மாதம் இருக்கும்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேவனாம்பட்டினம், வெள்ளிக் கடற்கரைப் பக்கம், இங்கே கடலோரக் குப்பங்கள் பக்கம், ஆழ்குழாய்த் தண்ணீரை வாயில் வைத்தாலே கரிக்கும் வீடுகள் நிறைய. அங்கே இரண்டு மரமும் சுகப்படாது. இலை விளிம்பு கருகும், மொட்டு விரியாமல் உதிரும். கடல் காற்று நேராக அடிக்கும் வாசலுக்கு நான் புன்னையைத்தான் சொல்வேன். அதன் வெள்ளைப் பூவும் மணமும் இந்தக் கரையின் சொந்தம். பூவரசும் நன்றாக வரும். கடலோர வீட்டில் வெளியூர் மரத்தை வைத்துப் போராடுவதைவிட அந்த மண்ணில் பிறந்ததை வைப்பது நல்லது என்பது என் கருத்து.

இடமும் புயலும்

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியதைப் பார்த்தவர்கள் யாரும் வீட்டருகே பெரிய மரம் வைக்கும் முன் ஒருமுறை யோசிப்பார்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அதற்காக மரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்துக்குத் தகுந்த உயரம் வேண்டும் என்கிறேன்.

வீட்டுச் சுவரிலிருந்து க்ரேப் மிர்ட்டிலுக்கு ஐந்தாறு அடி போதும். வேர் அடித்தளத்தைத் தொந்தரவு செய்யும் வகை இல்லை. உயரமும் தெரு மின்கம்பிக்குக் கீழே நிற்கும்படி ரகத்தைப் பார்த்து வாங்கலாம். பூமருதுக்குச் சுற்றிலும் இருபது, இருபத்தைந்து அடி வேண்டும், மேலே கம்பி கூடாது. முப்பதுக்கு நாற்பது மனையில் அது முடியாது. பள்ளி, கோயில் வெளி, ஏரிக்கரை, வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் ஐந்து சென்ட் போன்ற இடங்களில் வைத்தால் பேரன் காலத்துக்கும் நிற்கும். இந்த இரண்டில் எது அழகு என்று யாராவது கேட்டால், பூத்து நிற்கும் ஒரு முழு வளர்ச்சிப் பூமருதுக்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதை அதன் உயரத்துக்கு வளர விட வேண்டும். இடம் இல்லாமல் வைத்துவிட்டு வருடாவருடம் உச்சியை வெட்டுவது அந்த மரத்துக்குச் செய்யும் கொடுமை.

கத்தரிப்பது

க்ரேப் மிர்ட்டில் வாங்குபவர்கள் இந்த ஒரு வேலையைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். இது புதுக்கிளையில் மட்டுமே பூக்கும் மரம். சும்மா விட்டாலும் பூக்கும், ஆனால் சிறு கொத்தாக, உயரத்தில், கண்ணுக்கு எட்டாமல். பூமருதுக்கு இந்தக் கவலை கிடையாது; முதல் சில வருடம் கீழ்க்கிளைகளை எடுத்து ஒரு தண்டாக நிறுத்திவிட்டால் அப்புறம் அதன் போக்கில் விடலாம். வருடத்தில் ஒரு காலைப்பொழுதைக்கூட மரத்துக்கு ஒதுக்க முடியாதவர்களுக்கு க்ரேப் மிர்ட்டில் ஒத்துவராது.

பொங்கல் முடிந்த வாரம் நான் கத்தரி எடுப்பேன். மழை போயிருக்கும், இலை பாதி உதிர்ந்து கிளை அமைப்பு தெளிவாகத் தெரியும். அடியிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளை முதலில் தரையோடு எடுத்துவிடுவேன். பிறகு உள்பக்கம் போகும் கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, காய்ந்தது. அப்புறம் போன வருடம் பூத்த நுனிகளை ஒரு முழம் அளவு குறைப்பேன். வெட்டும் கிளை பென்சில் தடிமனைத் தாண்டக் கூடாது, அதிகம் போனால் சுண்டுவிரல் தடிமன். மூன்று அல்லது ஐந்து தண்டுகளை மட்டும் நிறுத்தி, இடுப்பு உயரம் வரை வெறுமையாக விட்டால், பட்டை உரிந்து தெரியும் அந்த வழவழப்பான தண்டே பூ இல்லாத மாதங்களில் வாசலுக்கு அழகு.

எல்லாத் தண்டையும் மார்பு உயரத்தில் மொட்டையாக வெட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். முதல் இரண்டு வருடம் தோட்ட வேலைக்கு வந்தவர் என் மரத்தை அப்படித்தான் வெட்டினார். வெட்டிய இடத்தில் முண்டு முண்டாகத் திரண்டது. ஒவ்வொரு முண்டிலிருந்தும் பத்துப் பதினைந்து குச்சி நீண்டு வந்தது. பூ பெரிதாகத்தான் வந்தது, ஆனால் பலமில்லாத குச்சிகள் கனம் தாங்காமல், ஆடியில் பெய்த ஒரு மழைக்கு எல்லாம் தரையில் படுத்துவிட்டன. அமெரிக்கத் தென்மாநிலங்களில் தெருத்தெருவாக இந்த மரம் உண்டு. அங்கே இந்த வெட்டுக்கு க்ரேப் கொலை என்றே பெயர். மரத்தை மீட்டு உருவத்துக்குக் கொண்டுவர எனக்கு மூன்று வருடம் ஆனது.

முதல் பூ முடிந்ததும் பட்டாணி அளவில் பச்சைக் காய் கட்டும். அவற்றைக் கொத்தோடு கிள்ளிவிட்டால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் அடுத்த பூ வரும். காயை விட்டுவிட்டால் சத்தெல்லாம் விதைக்குப் போய், அந்த வருடம் அவ்வளவுதான். உரம் நிறையத் தேவையில்லை. தையில் கத்தரித்ததும் இரண்டு கூடை மக்கிய சாணம், சித்திரையில் ஊற வைத்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீர் ஒருமுறை. யூரியா போட்டால் இலைதான் தழைக்கும்.

நோய் என்று பார்த்தால் சாம்பல் நோய்தான் முக்கியம். மார்கழி, தை பனியில் இளம் இலைமேல் மாவு தூவினது போல வெள்ளை படரும், மொட்டு சுருங்கும். நிழலில் வைத்த மரத்துக்குத்தான் அதிகம் வருகிறது. அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் டொனால்ட் எகால்ஃப் என்ற ஆய்வாளர், ஜப்பானின் யகுஷிமா தீவிலிருந்து வந்த இன்னொரு இனத்தோடு கலந்து, இந்த நோயைத் தாங்கும் ரகங்களை உருவாக்கினார். 1978இல் வந்த வெள்ளைப் பூ நாச்செஸ் அவற்றில் பெயர் பெற்றது. நான் போய்வரும் நர்சரிகளில் ரகப் பெயரே இருப்பதில்லை, "பிங்க்", "ஒயிட்" என்றுதான் சொல்கிறார்கள். அதனால் ரகத்தை நம்புவதைவிட ஆறு மணி நேர வெயிலை நம்புங்கள். கிழக்கு அல்லது தெற்குப் பார்த்த வாசல், மேலே நிழல் இல்லாத இடம், கிளைகளுக்குள் காற்று போகும் அளவுக்குக் கத்தரிப்பு, இவ்வளவு இருந்தால் பாதிப் பிரச்சினை வராது. அசுவினி, மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்ப எண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் போதும்.

மாடியில் தொட்டியில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். குட்டை ரகமாக இருந்தால், பதினெட்டு அங்குலத் தொட்டியில் நன்றாகப் பூக்கும். கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும். பூமருது தொட்டிக்கு ஆகாது. கன்றை எப்படிப் பெறுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விதையில் வந்த கன்று எந்த நிறத்தில் பூக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. குச்சியில் வந்தது தாய்மரத்தைப் போலவே இருக்கும். ஆனியில், பாதி முற்றிய கிளையில் அரையடிக் குச்சி எடுத்து, மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்த பையில் நிழலில் வைத்தால் ஒன்றரை மாதத்தில் வேர்விடும்.

சரக்கொன்றையையும் தங்கை கேட்டாள். சித்திரையில் அந்த மஞ்சளுக்கு ஈடு இல்லை, வறட்சியும் தாங்கும். ஆனால் தேங்கும் தண்ணீர் அதற்கும் ஆகாது, பன்னிரண்டு அடிக்குள் அடங்கவும் செய்யாது. இன்னொரு ஆசையையும் அவளிடம் சொன்னேன். அவள் குடிபோகும் ஊரின் பெயரிலேயே ஒரு பூமரம் இருக்கிறது. பாடலீசுவரர் கோயிலின் தலமரமான பாதிரிதான் திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் கொடுத்தது. மணமுள்ள பூ, பெரிய மரம். வாசலில் முடியாது, தெருமுனைப் பூங்காவில் ஒன்று வைக்கலாமே என்றேன். தெருக்காரர்களிடம் பேசிப் பார்க்கிறேன் என்றிருக்கிறாள்.

அவள் வாசலுக்கு நான் சொன்ன முடிவு இது: மதிலிலிருந்து ஆறடி தள்ளி, செங்கல் மேடை கட்டி, அதில் ஒரே ஒரு க்ரேப் மிர்ட்டில். பின்பக்கம் மழைத்தண்ணீர் ஓடிப்போய்ச் சேரும் மூலையிலிருந்து வேலி வரை முப்பதடி சும்மா கிடக்கிறது. அங்கே ஒரு பூமருது. இரண்டும் தை மாதம்தான்.

ஆனியில் என் மரத்திலிருந்து எடுத்த ஐந்து குச்சிகளில் மூன்று துளிர்விட்டிருக்கின்றன. நல்லதாக ஒன்றை அவளுக்கு ஒதுக்கியிருக்கிறேன், இன்னொன்று ரெயின்போ நகர்த் தோழிக்கு, அவரும் இந்தத் தடவை மேடை கட்டுகிறார். மேடை எவ்வளவு உயரம் வேண்டும் என்பது மட்டும் பாக்கி. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசலில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பார்க்க, மதிலின் உள்பக்கம் சுண்ணாம்பால் அரையடிக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள் தங்கை.